மொபெட்டிலிருந்து ஸ்கூட்டிக்கு: கடலோரச் சாலையின் சிறு வண்டிகள்

நாகூரைத் தாண்டியதும் காரைக்கால் எல்லையில் வரும் முதல் ஊர் கீழவாஞ்சூர். கடலையொட்டிய சமதரைச் சாலை இது. ஏற்றம் இறக்கம் கிடையாது. சிறு எஞ்சின் வண்டிக்கு இதைவிட ஏற்ற நிலம் அமைவது அரிது.

அப்படிப்பட்ட சிறு வண்டிகளில் ஒன்று, பிரெஞ்சுக்காரர்களின் புகழ்பெற்ற மொபெட்டான மோபிலெட். மோட்டோபெக்கான் நிறுவனம் 1949இல் அதை வெளியிட்டது. அதன் தொழில்நுட்பத்தில் திருப்பதியில் உருவானதே சுவேகா. 1972இல் கைனெடிக் நிறுவனத்தின் லூனா வந்தது. மிதித்துக் கிளப்பலாம், கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அது அடிப்படையில் ஒருவருக்கான வண்டி.

கணவன் மனைவி சேர்ந்து போகும் வசதியை மொபெட்டுக்குத் தந்தது ஓசூர்தான். 1980இல் அங்கே தயாரான டிவிஎஸ் 50, இந்தியாவின் முதல் இருவர் மொபெட். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அதற்கு. பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நடமாட்டத்தை இந்த அளவுக்கு மாற்றிய வண்டி வேறில்லை என்றே சொல்லலாம். மீன்கூடையும் நெல்மூட்டையும் சுமந்தது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் தம்பதிகளை ஏற்றிச் சென்றது.

1980களில் கைனெடிக் ஹோண்டா பட்டனைத் தட்டிக் கிளப்பும் வசதியைக் கொண்டுவந்தது. 1990களில் வந்த எடை குறைந்த ஸ்கூட்டி, பின்னிருக்கையில் பயணித்த பெண்களின் கையில் ஹேண்டில்பாரைக் கொடுத்தது. கிக்கர் உதைக்க முழங்கால் இடம்தராத ஓய்வுபெற்றோருக்கும் பட்டனில் கிளம்பும் வண்டிகள் பொருந்தின. வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு, தரங்கம்பாடி எல்லாம் கீழவாஞ்சூரிலிருந்து இத்தகைய சிறு வண்டியில் ஒரு பகலுக்குள் நிதானமாகப் போய்வரும் தொலைவில் உள்ளன.