இரண்டு மெகாஹெர்ட்சும் மூன்றரை மெகாஹெர்ட்சும்: 6502, இசட்80 சில்லுகளின் வேக ஒப்பீடு

1. கேள்வி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சாலையோரம் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் நுண்செயலி ஆய்வகம் என்றாலே 8085 கிட்தான் நினைவுக்கு வரும். பதினாறெண் விசைப்பலகை, ஆறு சிவப்பு இலக்கங்கள், ஒரு மூலையில் 6.144 மெகாஹெர்ட்ஸ் படிகம். சில்லு அதை இரண்டால் வகுத்து 3.072இல் ஓடும். ஓர் ஆணைக்கு எத்தனை டி-ஸ்டேட் (கடிகாரத் துடிப்பு) என்று அட்டவணை பார்த்துக் கூட்டுவதுதான் அங்கே முதல் பாடம். அதே கூட்டலை 1980களில் இந்தியாவுக்கு வந்த இரண்டு வீட்டுக் கணினிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். மெகாஹெர்ட்ஸ் அதிகமானால் வேகமும் அதிகம் என்ற நம்பிக்கை இன்னும் மாணவர்களிடம் உயிரோடு இருக்கிறது.

2. இரண்டு கணினிகள்

பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் வந்தது: 6502 சில்லு, 2 மெகாஹெர்ட்ஸ். மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் 1984–85இல் நம் பள்ளிகளுக்குள் நுழைந்தது இதுதான். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் வந்தது: இசட்80ஏ சில்லு, 3.5 மெகாஹெர்ட்ஸ். புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் அதை உரிமம் பெற்று விற்றது. ஒன்று அரசாங்கம் கொடுத்தது, மற்றது அப்பா வாங்கித் தந்தது. எது வேகம் என்ற சண்டைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

3. கட்டமைப்பு

1975இல் 25 டாலருக்கு விற்கப்பட்ட 6502இல் ஏ, எக்ஸ், ஒய் என்று மூன்றே வேலைப் பதிவகங்கள். ஒவ்வொன்றும் எட்டு பிட். குறையை ஈடுகட்ட, நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளைச் சுருக்க முகவரியால் விரைவாகத் தொடலாம். ஃபெடரிகோ ஃபாஜின் குழு 1976இல் கொண்டுவந்த இசட்80 இதற்கு நேரெதிர். இரண்டு தொகுதிப் பதிவகங்கள். அவற்றை இணைத்துப் பதினாறு பிட்டாகவும் ஆளலாம். ஆனால் அதன் மிகச் சிறிய ஆணைக்கே நான்கு துடிப்பு வேண்டும். 6502க்கு இரண்டு போதும்.

4. துடிப்புக் கணக்கு

4.1. வெறும் சுழற்சி. ஒரு பதிவகத்தில் ஒன்றைக் கழித்து, பூச்சியமாகும்வரை திரும்பி வருவது. 6502க்கு 5 துடிப்பு, அதாவது 2.5 மைக்ரோ விநாடி. இசட்80 அதை ஒரே ஆணையில் செய்தாலும் 13 துடிப்பு ஆகிறது: 3.7 மைக்ரோ விநாடி. நம் 8085 கிட்டில் 14 துடிப்பு, 4.6 மைக்ரோ விநாடி.

4.2. பதினாறு பிட் கூட்டல். இசட்80 பதிவக இணைகளில் இதை 11 துடிப்பில் முடிக்கிறது: 3.1 மைக்ரோ விநாடி. 6502 எடு, கூட்டு, வை என்று கீழ்ப் பைட்டுக்கு ஒருமுறை, மேல் பைட்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். சுருக்க முகவரியில் வைத்துச் செய்தாலும் 20 துடிப்பு, 10 மைக்ரோ விநாடி. மூன்று மடங்கு தாமதம்.

4.3. நகலெடுப்பு. இசட்80இன் தொகுதி நகல் ஆணை பைட்டுக்கு 21 துடிப்பு, 6 மைக்ரோ விநாடி. 6502இல் நாமே எழுதும் சுழற்சிக்கு 14 துடிப்பு, 7 மைக்ரோ விநாடி. அதுவும் 256 பைட்டுக்குள் இருந்தால்தான்.

4.4. தாளில் வராத தாமதம். ஸ்பெக்ட்ரமில் திரைக்கான படம் இருக்கும் 16 கிலோபைட் பகுதியைத் திரைச்சில்லும் படிக்கிறது. அது படிக்கும்போது இசட்80 காத்து நிற்கும். மேலே 4.3இல் கிடைத்த லாபம் திரையில் எழுதும்போது தேய்ந்துவிடும். பிபிசியில் நினைவகமே 4 மெகாஹெர்ட்ஸில் ஓடி, ஒரு முறை திரைக்கு, ஒரு முறை 6502க்கு என்று மாறிமாறி வழிவிடுகிறது. யாரும் காத்திருப்பதில்லை. சில்லை மட்டும் ஒப்பிடுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான் என்பேன்.

5. பேசிக் செய்த வேலை

பையன்கள் இந்தக் கணக்கைப் பார்த்தா சண்டை போட்டார்கள்? பேசிக் மொழியில் ‘ஃபார்–நெக்ஸ்ட்’ சுழற்சியை ஓடவிட்டுக் கைக்கடிகாரம் பார்த்தார்கள். பிபிசி எளிதாக வென்றது. காரணம் பெரும்பாலும் சில்லு அல்ல. சின்க்ளேர் பேசிக் ‘நெக்ஸ்ட்’ வரும்போதெல்லாம் சுழற்சி தொடங்கிய வரியை எண்ணை வைத்து நிரலின் முதலிலிருந்து தேடுகிறது. ஒரே சுழற்சியை நிரலின் கடைசிக்குத் தள்ளினால் அது மெதுவாகும். சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் திரும்ப வேண்டிய முகவரியையே குறித்து வைத்துக்கொள்கிறது. முழு எண்களுக்கென்று தனி மாறிகளும் அதில் உண்டு.

6. சரியான தராசு

பேசிக்கின் பங்கை விலக்கிப் பார்க்கவும் வழி இருந்தது. பிபிசியோடு இணைக்க, அதைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனம் துணைச் செயலிப் பெட்டிகள் விற்றது: 3 மெகாஹெர்ட்ஸ் 6502 ஒன்று, 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ஒன்று. இரண்டிலும் 64 கிலோபைட். இசட்80க்கும் பிபிசி பேசிக் இருந்தது. இசட்80இன் துடிப்பு வேகம் சரியாக இரண்டு மடங்கு. நான்காம் பிரிவின் கணக்கை இங்கே மறுபடி போட்டால் கூட்டலில் இசட்80க்கு 1.8, 6502க்கு 6.7 மைக்ரோ விநாடி; நகலெடுப்பில் 3.5, 4.7. வெறும் சுழற்சியில் மட்டும் 6502 இன்னும் முந்துகிறது: 1.7க்கு எதிராக 2.2.