வைத்தியர் வரைந்த சித்திர நூல்

1844-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியரான ஹைன்ரிக் ஹாப்மன், தமது மூன்று வயது மகனுக்குப் பரிசளிக்கத் தக்க சித்திரப் புத்தகமொன்றைத் தேடிக் கடைகளில் அலைந்து, நீண்ட கதைகளும் உபதேசங்களும் நிறைந்த ஏடுகளையன்றி வேறொன்றும் மனத்துக்கு இசையக் காணாதவராய், இறுதியில் வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அதை நிரப்பும் வித்தை அவருக்கு நோயாளிகளின் படுக்கையருகிலேயே கைவந்திருந்தது. வைத்தியரைக் கண்டு வீறிட்டழும் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து, தலைமயிரும் நகமும் வெட்டிக்கொள்ள மறுத்த ஒரு பையனைப் பென்சிலால் காகிதத்தில் தோற்றுவித்து, மயிரையும் நகத்தையும் கோடு கோடாக வளர்த்துக்கொண்டே போவார்; அழுகை ஓய்ந்து, குழந்தை வியப்புடன் உற்று நோக்கும் அந்தக் கணத்தில் நாடி பார்த்துவிடுவார். அந்தப் பையனே பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற ‘ஷ்ட்ரூவெல்பீட்டர்’.

1845-இல் அச்சேறிய முதற்பதிப்பில் அவன் கடைசிப் பக்கத்திலேதான் நின்றான். குழந்தைகளின் அபிமானமே அவனை முன்னுக்குக் கொண்டுவந்து, நூலுக்கும் அவன் பெயரையே சூட்டிற்று. விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் கத்தரித்துவிடும் பக்கத்தைக் கொடூரமென்று கண்டித்தோர் பலர். அக்கண்டனத்தில் நியாயமுண்டென்றே நானும் கருதுகிறேன். ஆயினும், தம் எளிய கோடுகளைக் கல்லச்சுக்காரர் கலைநயத்துடன் திருத்திவிடலாகாதென்று ஹாப்மன் விழிப்புடன் காவல் நின்றாரே, அந்த அக்கறைக்காகவே அவர்மீது எனக்கு மாறாத மதிப்பு.