தொக்கணத்தின் வரலாறும் பயனும்

உடம்பைக் கையால் பிடித்தும் தட்டியும் பிணி தணிக்கும் முறைக்குச் சித்த மருத்துவ நூலார் இட்ட பெயர் தொக்கணம் என்பது. அவர் வகுத்த புறமருந்து 32இனுள் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும்.

இக்கைவினை நெடுங்காலம் நம் குலத்தார்பால் தங்கியிருந்தது. ஆடவர் மயிர்வினையோடு புண்ணாற்றுதலும் கைகால் பிடித்தலும் செய்தனர். பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பேறு பார்த்து, சிசுவை எண்ணெய் தடவி உருவி நீராட்டினர். ஊரார் அக்கைகளை நம்பினர். ஆயினும் அவற்றிற்குரிய மதிப்பை அளித்தாரல்லர். இதற்குக் காரணங்கள் பல. நம் முன்னோர் தாம் அறிந்ததை ஏட்டில் எழுதிவையாமையும் அவற்றுள் ஒன்றென்பது எம் கருத்து.

இதற்கு மாறான சான்று ஒன்று காண்க. பாட்னாவிற் பிறந்த தீன் முகம்மது என்பார் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடம்பு பிடிக்கும் நிலையம் நடத்தினார். 1822இல் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் இரு மன்னர்க்கும் அத்தொழிலில் பணிபுரியும் பேறு பெற்றார். இன்று தலைமுழுகப் பயன்படும் ‘ஷாம்பூ’ என்பதன் பெயரும், அமுக்குதலைக் குறிக்கும் இந்திச் சொல்லினின்று வந்ததே.

மருத்துவச்சியர் செய்கைக்கு அறிவியலும் பிற்காலத்தே துணைநின்றது. 1986இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு குழுவினர், குறைமாதக் குழவிகளைப் பத்து நாள், நாடோறும் மும்முறை, முறைக்கு 15 நிமிடம் தடவியும் கைகால்களை அசைத்தும் ஆராய்ந்தனர். அக்குழவிகள் ஏனையவற்றினும் நாளொன்றுக்கு 47 விழுக்காடு மிகுதியாக எடை கூடின.

வேங்கிக்காலை அடுத்த அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வலம்வந்து தளர்ந்தோர், வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவிக் கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக மெல்ல உருவுவாராயின், தசையின் இறுக்கம் நெகிழும். உறக்கமும் எளிதில் வரும். ஆயினும் சுரம், எலும்பு முறிவு, ஆறாப் புண் உள்ளவிடத்து இது தகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வெம்மையுற்று நோகுமாயின் அதனைத் தொடவே கூடாது. உள்ளே உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிர்க்கே கேடு விளைக்கலாம். அந்நிலையில் மருத்துவரை உடனே நாடுக.

பாளையங்கோட்டையில் 1964இலும் தாம்பரத்தில் 2005இலும் அமைந்த சித்த மருத்துவ நிலையங்களில் இக்கலை இன்று பட்டத்திற்குரிய படிப்பின் பகுதியாயிற்று. நம் மக்கள் அங்கே பயில முந்துக. அதனினும் முந்திச் செய்யற்பாலது ஒன்றுண்டு. நம் இல்லங்களில் முதியோர் கைப்பழக்கமாக அறிந்தவற்றை, அவர் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதாத கல்வி அவரோடு மறையும். எழுதியது குலத்திற்கும் நாட்டிற்கும் செல்வமாய் நிற்கும்.