விமானம் ஏறிய சக்கர நாற்காலி

மல்லாங்கிணற்றில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடக்க இயலாத பாட்டியை மதுரை விமான நிலையத்திலிருந்து தில்லிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காரியாபட்டி வழியாகக் கரிசல் காட்டைக் கடந்து காரில் போய்விடலாம். பாட்டியைக் காரிலிருந்து இறக்கிவிட நீங்களும் உங்கள் அண்ணனும் போதும். ஆனால் தரையிலிருந்து பல அடி உயரத்தில் இருக்கும் விமானக் கதவுக்கு அவரை எப்படிக் கொண்டு சேர்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதகுலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்தக் கதையைப் பார்ப்போமா?

சக்கரம் பூட்டிய நாற்காலி புதியதன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனக் கற்செதுக்கல் ஒன்றில் அதன் உருவம் காணப்படுகிறது. ஆனால் பழைய நாற்காலிகளைப் பிறர்தான் தள்ள வேண்டும். 1655ஆம் ஆண்டில் ஜெர்மனியில், நூரெம்பர்க் நகரை அடுத்து வாழ்ந்த ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி இதை மாற்றினார். நடக்க இயலாத அந்த இளைஞருக்கு அப்போது வயது 22. கடிகாரத்தின் பற்சக்கரங்களோடு பழகிய கைகள் அல்லவா? கையால் சுழற்றினால் ஓடும் மூன்று சக்கர வண்டியைத் தமக்காகத் தாமே செய்துகொண்டார்.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் நேர்ந்தது. ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளர் 1918இல் நடந்த சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்து நடக்கும் ஆற்றலை இழந்தார். அக்காலத்துச் சக்கர நாற்காலி காருக்குள் அடங்காது. அவரும் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1930களின் தொடக்கத்தில் ஓர் உபாயம் கண்டனர். இருக்கையின் அடியில் இரண்டு உலோகச் சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே பொருத்தினர். இருக்கையை மேலே இழுத்தால் நாற்காலி ஒடுங்கிவிடும். 1937இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. காரில் ஏறிய நாற்காலி, விமானத்தின் சரக்கறையிலும் ஏறியது.

ஆனால் விமானத்தின் உள்ளே? இங்கே ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்களில் அப்பாதையின் அகலம் ஏறக்குறைய அரை மீட்டர்தான். சாதாரணச் சக்கர நாற்காலி அதைவிட அகலமானது. ஆகவே விமானத்துக்குள் தள்ளுவதற்கென்றே சிறு சக்கரங்களும் பாதுகாப்புப் பட்டைகளும் கொண்ட ஒடுங்கிய நாற்காலி உருவாக்கப்பட்டது. கதவின் உயரத்துக்கு ஏற்ற, அறைபோன்ற கூண்டை அப்படியே மேலே தூக்கும் லாரிகள் வந்தன. கத்தரிக்கோல்போல் விரியும் உலோகக் கால்கள் அக்கூண்டை உயர்த்துகின்றன.

கருவிகள் வந்தன; மனங்கள் அவ்வளவு விரைவாக மாறவில்லை. 1986 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசின் நேரடி நிதியுதவி பெறாத விமான நிறுவனங்களை அப்போதைய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் முடமான முன்னாள் படைவீரர்களின் சங்கத்தினர். அவர்கள் ஓயவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பாகுபாட்டைத் தடை செய்யும் தனிச்சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2007இல் சென்னையில், பெருமூளை வாதம் கொண்ட உரிமைப் பணியாளர் ராஜீவ் ராஜன் விமானத்தில் ஏற மறுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான விதிகளை வெளியிட்டது. விதி இருந்தும் 2012 பிப்ரவரியில், ஜீஜா கோஷ் என்ற பெண்மணி கொல்கத்தாவில் விமானத்தில் ஏறி அமர்ந்த பின்னர் இறக்கிவிடப்பட்டார். அவருக்கும் பெருமூளை வாதம்தான். கோவாவில் நடந்த மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மே 12ஆம் நாள், அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 2022இல் ராஞ்சியில் ஒரு சிறுவனுக்கு இடம் மறுக்கப்பட்ட பின், விதி மேலும் இறுகியது. பயணியின் உடல்நிலை குறித்து ஐயம் எழுந்தால், மருத்துவர் நேரில் சோதித்துக் கருத்துக் கூறிய பிறகே நிறுவனம் முடிவெடுக்க வேண்டும்.

இனி, பாட்டியின் பயணத்துக்கு வருவோம். பயணச்சீட்டு வாங்கும்போதே உதவி தேவை என்று சொல்லிவிடுங்கள். புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகவேனும் தெரிவித்தல் அவசியம். எவ்வகை உதவி என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். படியேற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்பது ஒரு வகை. படியேற முடியாது, விமானத்துக்குள் நடக்க முடியும் என்பது இரண்டாம் வகை. இருக்கைவரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மூன்றாம் வகை. உலகெங்கும் விமான நிறுவனங்கள் இம்மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்துள்ளன. குறியீடு தவறினால், தூக்கும் லாரி வர வேண்டிய இடத்தில் வெறும் நாற்காலி மட்டும் வந்து நிற்கும்! பாட்டிக்குச் சொந்த நாற்காலி இருந்தால் அதைச் சரக்கறையில் ஏற்றலாம். மின்கலத்தில் ஓடுவதாயின் மின்கலத்தின் வகையையும் முன்கூட்டியே சொல்லுங்கள்; லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடுமாகையால் தனி விதிகள் உண்டு.

ஃபார்ஃப்ளரும் எவரெஸ்டும் தம் சொந்தத் தேவைக்காகச் செய்தவை இன்று உலகுக்கே பயன்படுகின்றன. ஜீஜா கோஷ் நடத்திய வழக்கும் அத்தகையதே. விமான நிலைய முகப்பில் நின்று உங்கள் பாட்டிக்காக நீங்கள் உதவி கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. அது தயவு அன்று, பலர் போராடிப் பெற்றுத் தந்த உரிமை.