தமிழ்நாட்டில் இலகு எடைப் பந்தயக் கார்கள்

இலகு எடைப் பந்தயக் கார் என்பது குறைந்த ஆற்றலுள்ள இயந்திரத்தை மிகக் குறைந்த எடையுள்ள சட்டத்தில் பொருத்தி, அதன் மூலம் வேகத்தைப் பெறும் வாகனம். தமிழ்நாட்டில் இவ்வகைக் கார்களின் வரலாறு சோழவரம் ஓடுதளத்தில் தொடங்கி, கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995) உருவாக்கிய ஃபார்முலா மாருதி வழியாக இன்றைய டர்போ கார்கள் வரை நீள்கிறது.

ஆற்றல்–எடை விகிதம்

ஒரு காரின் குதிரைத்திறனை அதன் எடையால் வகுத்தால் கிடைப்பது ஆற்றல்–எடை விகிதம். கார் எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கும் என்பதை இயந்திரத்தின் அளவைவிட இந்த விகிதமே பெரிதும் முடிவு செய்கிறது.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயில் தேர்த்திருவிழாவைப் போன்ற எந்தத் தேரோட்டத்திலும் இதைக் காணலாம். நின்ற தேரை நகர்த்துவதும், ஓடும் தேரை முட்டுக்கட்டையிட்டு நிறுத்துவதும், மாடவீதி முனையில் திருப்புவதும்தான் கடினமான வேலைகள். மூன்றுக்கும் காரணம் எடை. வடம் பிடிக்கும் ஆட்களைக் கூட்டினால் தேர் விரைவாகப் புறப்படும். நிறுத்துவதும் திருப்புவதும் எளிதாகிவிடாது. எடையைக் குறைத்தால் மூன்றுமே எளிதாகும்.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் இந்தக் கருத்தின் புகழ்பெற்ற வடிவம். வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி உதிரிகளாகவும் அது விற்கப்பட்டது. அப்படி வாங்கியவர்களுக்கு விற்பனை வரியும் மிச்சமானது.

சோழவரம்

இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் சுங்க வரியும் இருந்த காலம் அது. பெரும் செல்வர்களுக்கே அத்தகைய கார்கள் கிட்டின. மற்றவர்கள் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவற்றின் பாகங்களைக் கொண்டே போட்டியிட வேண்டியிருந்தது. ஆற்றல் மிக்க இயந்திரத்தை வாங்க வழியில்லாதபோது, எடையைக் குறைப்பதே அவர்களுக்கு இருந்த வழி.

பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் தயாரித்த டால்ஃபின் இதற்குச் சான்று. 848 சிசி இயந்திரமும் கண்ணாடி இழை உடலும் கொண்ட அந்தச் சிறிய கார், எடை குறைவு என்பதாலேயே பந்தயக்காரர்களைக் கவர்ந்தது.

ஃபார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதன் இயந்திரம் 796 சிசி மட்டுமே; பிரீமியர் பத்மினியின் இயந்திரமோ 1,089 சிசி. இரண்டின் ஆற்றலும் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்தான். ஆனால் பத்மினியின் எடை சுமார் 900 கிலோ, மாருதியின் எடை சுமார் 650 கிலோ.

லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், பந்தய ஓட்டுநராகவும் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கினார். 1980களின் இறுதியில் மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அவர் வடிவமைத்தார். கூரை, கதவு, பின்னிருக்கை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். 40 குதிரைத்திறனும் 650 கிலோ எடையும் உள்ள காரில் 70 கிலோ ஓட்டுநர் அமர்ந்தால், டன்னுக்குச் சுமார் 56 குதிரைத்திறன் கிடைக்கும். அதே இயந்திரத்தை 400 கிலோ சட்டத்தில் வைத்தால் அது 85 ஆக உயரும். எடையைக் குறைக்காமல் இதே விகிதத்தை எட்ட 61 குதிரைத்திறன் வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே வகை இயந்திரம் என்பதால் வெற்றி ஓட்டுநரின் திறமையைச் சார்ந்தது. உதிரிகள் உள்நாட்டிலேயே கிடைத்ததால் செலவும் குறைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியிலேயே ஓட்டினார். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

அந்த வெற்றியைக் காணக் கரிவரதன் உயிருடன் இல்லை. 1995இல், தம் 41ஆம் வயதில், இலகுரகச் சிறுவிமான விபத்தில் அவர் இறந்தார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டர்போவின் வருகை

டர்போ என்பது வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் உதவியால் கூடுதல் காற்றை இயந்திரத்துக்குள் அழுத்திச் செலுத்தும் கருவி. காற்று மிகும்போது கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், ஆற்றலும் மிகும். 1977இல் ரெனோ நிறுவனம் இதை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தது. வெப்பம் மிகுதல், மிதித்தவுடன் ஆற்றல் வராமல் சற்றுத் தாமதித்தல், செலவு ஆகியவை இதன் குறைகள். அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பதால் அதைக் குளிர்விக்கத் தனி அமைப்பும் தேவை. அது எடையைக் கூட்டும்.

கரிவரதனுக்குப் பின் கோயம்புத்தூரில் வளர்ந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள், டர்போ இல்லாத 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம் இயந்திரத்தைப் பயன்படுத்தின. 2023இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா 4 தொடரின் கார்களும் 1.3 லிட்டர்தான், ஆனால் டர்போ பொருத்தப்பட்டவை. கொள்ளளவு ஒன்றாக இருந்தும் அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்கு. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தில் இக்கார்கள் ஓடின.

வரலாற்று இடம்

இன்றைய டர்போ கார்களின் சட்டமும் இயந்திரமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ஃபார்முலா மாருதி வேகத்தில் அவற்றுக்கு ஈடாகாது. ஆயினும் உள்ளூர்க் கடையில் கிடைத்த இயந்திரத்தைக் கொண்டு இந்நாட்டு இளைஞர்கள் ஒற்றை இருக்கைக் காரில் பயிற்சி பெற வழி செய்தது அதுவே. அந்த வகையில் இந்தியக் கார் பந்தய வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.