மோர்னிங்சைட் 875: ஓர் அணி பிறந்த கதை

பங்குனி மாதம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. அக்காவைக் கட்டிய அத்தான் பரியோவான் கல்லூரி. 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாள்களில் அத்தான் அந்தப் பக்கத்து மதிலோரம் நின்று கூக்காட்டுவார், நான் இந்தப் பக்கத்தில் நின்று பதிலுக்குக் கூக்காட்டுவேன். சோறு சாப்பிடும்போதுகூட முகம் பார்ப்பதில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள் அதே அத்தான்தான் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு ரியூசனுக்குப் போவார்.

ரொறன்ரோவின் மோர்னிங்சைட் தெருவில் ஒரு கூடைப்பந்து அணி பிறந்த கதையைச் சொல்ல வந்தவன் எதற்காக யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறேன் என்றால், ரசிகன் எப்படி உருவாகிறான் என்பதை நான் கற்றது அந்த மதிலோரத்தில். அதற்கு நல்ல அணி ஒன்று இருந்தால் மட்டும் போதாது. எதிரணிக்காரன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அவனுடைய வீட்டுச் சமையல் என்னவென்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு எனக்கு நீண்ட காலம் கிடைக்காமல் போனது அதுதான்.

இங்கே அணிகளுக்குக் குறைவில்லை. நான் வந்திறங்கிய காலத்தில் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியும் புதிதாகப் பிறந்திருந்தது. 1993இல் அனுமதி கிடைத்து, நாடெங்கும் பெயர்ப் போட்டி வைத்து, அந்த ஆண்டு ஓடிய டைனோசர் படத்தின் சூட்டோடு பெயர் சூட்டி, 1995 நவம்பர் 3 அன்று ஸ்கைடோமில் நியூ ஜெர்சி நெட்ஸை 94–79 என்று வென்று தொடங்கினார்கள். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் ஒன்ராறியோவின் அல்மொன்ரில் பிறந்தவர். ராப்டர்ஸ் ஆடும் என்பிஏ லீக் தன் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பதும் 1946இல் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் நடந்ததுதான். அப்படியிருந்தும் இந்த நகரம் பனிவளைகோலாட்டத்தை விட்டுத் தலைதூக்கிப் பார்க்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1995 கோடையில் நடந்த வீரர் தெரிவில் டேமன் ஸ்டௌடமையரின் பெயர் வாசிக்கப்பட்டபோது, ஸ்கைடோமில் இருந்தவர்கள் வேறொருவரை எதிர்பார்த்திருந்ததால் சொந்த அணியின் முதல் தெரிவுக்கே கூக்காட்டினார்கள். அந்தப் பெடியன் அடுத்த ஆண்டு என்பிஏவின் சிறந்த புதுமுகம்.

ராப்டர்ஸின் நட்சத்திரமாக இருந்த வின்ஸ் காட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு டங்க் போட்டியில் அவர் பாய்ந்ததைப் பார்த்துத்தான் ஸ்காபரோவின் மாடிக்குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த கூடைகளில் தமிழ்ப் பெடியளும் தொங்கத் தொடங்கினார்கள். 2004 டிசம்பரில் அவர் நியூ ஜெர்சிக்குப் போனார். அதன் பிறகு அவர் இங்கே வந்து பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அரங்கம் கூக்காட்டியது. பத்து வருடம். 2014இல் அவருக்காக ஒரு காணொளி ஓடியபோதுதான் சனம் எழுந்து நின்று கை தட்டியது. 2024 நவம்பர் 2 அன்று அவருடைய 15ஆம் இலக்கச் சட்டை அரங்கத்தின் கூரையில் ஏறியது. அந்தப் பத்து வருடக் கூச்சலை நான் வெறுப்பென்று எண்ணவில்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளையோடு தகப்பன் பேசாமல் இருப்பானே, அது.

2014 வசந்தத்தில் ‘நாங்கள் வடக்கு’ என்ற பொருள்படும் முழக்கம் வந்தது. சிட் லீ என்ற விளம்பர நிறுவனம் செய்தது. கறுப்புக் கொடி, வெள்ளை எழுத்து. அமெரிக்க அணிகளுக்கு நடுவே குளிர் தேசத்தில் தனியாகக் கிடக்கும் ஒரே அணி என்பதைக் குறையாகச் சொல்லாமல் பெருமையாகச் சொன்ன முழக்கம். மற்றவர்களுக்கு அது ஒரு திசை. எங்களுக்கு அந்தச் சொல் வேறு இடத்தில் பட்டது. வடக்கு என்றால் எங்களுக்கு ஊர். அந்தக் கொடியை முதன்முதலில் பார்த்த அன்று அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டு, “தம்பி, எங்கட பெயரை எடுத்திட்டாங்களடா!” என்றார். அவர் குரல் இலேசாக உடைந்திருந்தது.

ஆனாலும் அந்த ஆட்டங்களில் எதிரணிக்காரன் தொலைக்காட்சிக்குள் மட்டுமே இருந்தான். புரூக்லின், கிளீவ்லன்ட், பிலடெல்பியா என்று கேள்விப்பட்ட ஊர்கள். முகமில்லாதவனோடு பகைத்துக்கொள்வது மிகச் சுலபம். அந்தச் சுலபம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2019 ஜூன் 10 அன்று பார்த்தேன். இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம். கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரன்ட் காயத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். இரண்டாம் கால்பகுதியில் குதிநாண் அறுந்து தரையில் இருந்துவிட்டார். எங்கள் அரங்கத்தில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது. கையசைத்து வழியனுப்பினார்கள். கைல் லௌரியும் எங்கள் ஆட்டக்காரர் சிலரும் ரசிகர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, நிறுத்துங்கள் என்று காட்டவேண்டி வந்தது. வீட்டு நிலவறையில் பார்த்துக்கொண்டிருந்த நானும் அந்த முதல் நொடியில் சோபாவை விட்டு எழும்பிக் கத்தினேன். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. மூன்று நாள் கழித்து ஓக்லன்டில் 114–110 என்று வென்று கிண்ணத்தை எடுத்தோம். தெருவுக்கு இறங்கி அழுதேன், ஆடினேன். இருந்தும் அந்தத் தொடரை நினைத்தால் முதலில் எனக்குத் தெரிவது டுரன்ட் தரையில் இருந்த இருப்புத்தான்.

பரியோவான் பெடியன் ஒருவன் கால் முறிந்து மைதானத்தில் விழுந்திருந்தால் மத்திய கல்லூரிக்காரன் ஒருவனும் அப்படிக் கத்தியிருக்கமாட்டான். அவனுடைய தாயைச் சந்தையில் காணவேண்டி வருமே.

இனி ஸ்காபரோவைப் பற்றி. 1793இல் துணைநிலை ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத் ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளைப் பார்த்து, இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து வைத்த பெயர் இது. 1998 ஜனவரி 1 அன்று ஸ்காபரோ நகரம் ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து இந்தப் பெயருக்கு நகரசபை இல்லை, மேயர் இல்லை. சைபீரியாவோடு சேர்த்து ‘ஸ்காபீரியா’ என்று கேலி செய்கிறவர்கள் மட்டும் இருந்தார்கள். இரவுச் செய்தியில் எங்கள் பெயர் வந்தால் அது துப்பாக்கிச் சூடாகத்தான் இருக்கும் என்று நாங்களே எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். நகர மையத்து அலுவலகத்தில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், ரொறன்ரோ என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

கெனடி நிலையத்தில் 116ஆம் இலக்கப் பேருந்து ஏறினால் அது கில்ட்வுட் பக்கமாகச் சுற்றி மோர்னிங்சைட் தெருவில் வடக்கே திரும்பும். எல்ஸ்மியர் சந்தி தாண்டியதும் 875ஆம் இலக்கத்தில் ஒரு பெரிய கட்டடம். அந்த நிலம் ஒரு காலத்தில் குப்பை கொட்டிப் புதைத்த இடம். 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காக அந்தக் குப்பையை அகற்றி, மண்ணைத் துப்புரவாக்கி, நீச்சல் தடாகங்களும் உள்ளக அரங்கமும் கட்டினார்கள். மாநகரமும் ரொறன்ரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து உரிமை கொண்ட கட்டடம் அது. பலருக்கு நினைவில்லாத ஒரு செய்தி உண்டு. 2010இல் ஸ்காபரோ வளாக மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் கட்டணத்தோடு சேர்த்து மூன்று கோடி டொலர் வரை இந்தக் கட்டடத்துக்குத் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் பலர் கட்டடம் திறக்குமுன்பே பட்டம் வாங்கிப் போய்விட்டவர்கள். பின்னாளில் என் மகள் அங்கே படித்தபோது கட்டணச் சீட்டில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். இந்த அணி பிறந்த கதையில் முதல் பெயர் அந்த மாணவர்களுடையதாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, ஒரு கோடைகால லீக். கனடிய எலைட் கூடைப்பந்து லீக் 2019இல் ஆறு அணிகளோடு தொடங்கியது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கனடியர்கள். குளிர்காலத்தில் ஐரோப்பாவில் பிழைப்புக்கு ஆடிவிட்டு, கோடையில் சொந்த நாட்டில் ஆட ஓர் இடம் கிடைத்தது அவர்களுக்கு. அந்த லீக் விரிந்தபோது 2022இல் மொன்றியலோடும் நியூபவுண்ட்லாந்தோடும் சேர்ந்து வந்து, அந்த 875ஆம் இலக்கக் கட்டடத்தில் ஆடத் தொடங்கியது ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ். ஷூட்டிங் ஸ்டார்ஸ் என்றால் எரிநட்சத்திரங்கள். கூடைக்குப் பந்தெறிவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பாடகர் டிரேக்கின் நெருங்கிய கூட்டாளி நிக்கோ கரினோவும் தொழிலதிபர் சாம் இப்ராஹிமும் உரிமையாளர்கள். எந்தப் பெயர் வைத்தாலும் முன்னால் ஸ்காபரோ இருந்ததே போதும் எனக்கு. கேலிக்குப் பயன்பட்ட பெயர் சட்டையின் நெஞ்சில் ஏறிவிட்டது. முதல் ஆண்டிலேயே அமெரிக்கப் பாடகர் ஜே. கோல் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சில ஆட்டங்கள் ஆடினார். உலகம் ஸ்காபரோ எங்கே என்று வரைபடத்தில் தேடியது. சில வாரங்களில் அவர் திரும்பிப் போனார், அணி இங்கேயே நின்றது.

இந்த லீக்கில் ஆட்டம் முடிகிற விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாதாரணக் கூடைப்பந்தில் கடைசி நிமிடங்களில் பின்தங்கிய அணி வேண்டுமென்றே தவறு செய்து மணிக்கூட்டை நிறுத்தும். ஆட்டம் சவ்வாக இழுபடும், சனம் வாகனத் தரிப்பிடத்துக்கு நடையைக் கட்டும். நிக் ஈலம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதற்கு ஒரு வழி கண்டார். நாலாம் கால்பகுதியில் நாலு நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது வரும் முதல் நிறுத்தத்தில் மணிக்கூட்டை அணைத்துவிடுவார்கள். முன்னணியில் இருப்பவரின் புள்ளியோடு ஒன்பதைக் கூட்டுவார்கள். 81–75 என்று இருந்தால் இலக்கு 90. யார் முதலில் 90ஐத் தொடுகிறார்களோ அவர்களுக்கே வெற்றி. அதாவது ஒவ்வொரு ஆட்டமும் ஒரு கூடையோடுதான் முடியும். கிளித்தட்டில் கடைசிக் கோட்டைத் தாண்டும் நேரத்துப் பதைப்பு அதில் உண்டு. ஒருவரும் எழும்பிப் போவதில்லை. எதிரணிக்காரனும் பக்கத்திலேயே நின்று, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.

அந்த முறையில்தான் எங்கள் முதல் துக்கமும் வந்தது. 2022 ஓகஸ்டில் ஒட்டாவாவில் இறுதி ஆட்டம். ஹமில்டன் ஹனி பட்ஜர்ஸிடம் 90–88 என்று தோற்றோம். இரண்டு புள்ளி! அடுத்த ஆண்டு ஜூலை 24 அன்று ஸ்காபரோவின் ஆர்டி ரயிலின் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகியது. 1985 முதல் ஓடிய ரயில், பிறகு ஓடவேயில்லை. ஆயிரக்கணக்கானோர் பேருந்து வரிசைகளில் நின்றார்கள், மீண்டும் கைவிடப்பட்டோம் என்ற பேச்சு எங்கும். அதற்குச் சரியாக 20 நாள் கழித்து, 2023 ஓகஸ்ட் 13 அன்று, லாங்லியில் கல்கரி சேர்ஜை வென்று ஷூட்டிங் ஸ்டார்ஸ் கிண்ணத்தை எடுத்தது. ரயிலுக்கும் கிண்ணத்துக்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று கிழமையும் பேருந்து நிறுத்தத்தில் நின்றவனுக்கு இரண்டும் ஒரே கோடைதான்.

இதற்கிடையில் எனக்கு இன்னொன்று கிடைத்தது. ஹமில்டனில் அரங்கத் திருத்த வேலை தொடங்கவிருந்ததால் ஹனி பட்ஜர்ஸ் 2023 பருவத்துக்குப் பிரம்டனுக்கு இடம்பெயர்ந்தது. பிரம்டனில் என் அக்கா இருக்கிறார். அத்தான் இருக்கிறார். எங்கள் சனம் நிறைய அங்கே வீடு வாங்கிப் போயிருக்கிறது. எங்களை இரண்டு புள்ளியால் தோற்கடித்த அணி அத்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டது. பரியோவான்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் கிழமையே சட்டை வாங்கிவிட்டார்.

2025 நவம்பர் 1 இரவு ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸிடம் 11 இன்னிங்ஸ் ஆடி 5–4 என்று தோற்றது. கிண்ணத்துக்கு இரண்டே ஆட்டமிழப்புத் தூரத்தில் இருந்து தோற்ற வலி இந்த நகரத்தில் இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான். ஆனால் அன்றிரவு திட்டுவதற்கு எனக்கொரு டொட்ஜர்ஸ்காரன் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸில் எங்கோ இருக்கும் ஒருவனை நான் எப்படித் திட்டுவது, எப்படி மன்னிப்பது? பிரம்டனிடம் தோற்றால் எனக்கு விலாசம் தெரியும்.

பிரம்டன் அணி மோர்னிங்சைட்டுக்கு வரும் நாளில் அத்தான் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே வந்துவிடுவார். முழங்கால் வலி என்பதால் படி குறைந்த வரிசையில் இடம் பிடித்து வைப்பேன். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பாள். அவள் ‘ஸ்காபரோ’ என்று கத்தும்போது அதில் எந்தத் தயக்கமும் இல்லை. அவள் பிறந்தது இங்கே, வேறு ஊரின் பெயரைச் சொல்லி அவள் ஒருநாளும் நிறுத்திக்கொண்டதில்லை. மற்ற வரிசைகளில் பிலிப்பினோப் பிள்ளைகள், ஜமெய்க்கத் தாய்மார், குஜராத்திக் கிழவர், எங்கள் பெடியள். எங்கள் ஆட்டக்காரன் ஃபவுலுக்கான இலவச எறியை எறியும்போது அத்தான் அந்த நாளைய மதிலோரக் குரலில் கூக்காட்டுவார். நானும் விடுவதில்லை. இலக்குப் புள்ளி பலகையில் எரியத் தொடங்கியதும் இருவரும் வாயை மூடிக்கொண்டு எழுந்து நிற்போம். அவர் கை என் தோளைப் பிடித்திருக்கும், முழங்காலுக்காக.

ஒரு முறை நாங்கள் வென்றோம். சனம் ஆடிக்கொண்டிருக்க, பிரம்டன் பெடியன் ஒருவன் கணுக்காலைப் பிடித்தபடி ஓரமாக நொண்டிப் போனான். எங்கள் வரிசைக்கு முன்னால் வந்தபோது மகள் எழும்பிக் கை தட்டினாள். பிறகு அந்த வரிசை முழுவதும் தட்டியது. அத்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தரிப்பிடத்தில் வாகனத்தின் கதவைத் திறந்துகொண்டுதான் சொன்னார்: “வாற கிழமை எங்கட அரங்கத்தில ஆட்டம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அக்கா ஒடியல் கூழ் காய்ச்சுறாவாம்.” பிறகு என் சட்டையைப் பார்த்தார். “உதைப் போட்டுக்கொண்டு மட்டும் வீட்டுக்குள்ள வந்திடாதை.”