தேயிலைக்கு முதல் நூல் தந்த லூ யூ

தேயிலையைப் பற்றி உலகில் முதன்முதலாக முழுமையான நூலொன்றை எழுதியவர் லூ யூ என்னும் சீன அறிஞர். தாங் வம்சத்தவர் சீனாவை ஆண்ட எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய 'சா ஜிங்' என்னும் நூலின் பெயரைத் தமிழில் 'தேயிலை மறைநூல்' எனலாம். நாளுக்கு நான்கு தடவை தேநீர் அருந்தும் நம் கிழக்குக் கரையோரத்தில் இப்பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆனால் அவருடைய நாட்டுச் சொல் நம் நாவில் நாளாந்தம் புழங்குகிறது. 'தேயிலை', 'தேநீர்' ஆகிய சொற்களின் முன்னிற்கும் 'தே' என்பது சீனாவின் புஜியான் கரையோர மக்கள் தேயிலைக்கு வழங்கிய பெயராகும். ஒல்லாந்த வணிகர் வழியாக அது ஐரோப்பாவுக்கும் சென்றது. 'சாயா' என்பது அந்நாட்டின் ஏனைய பகுதிகளில் வழங்கும் 'சா' என்ற சொல்லின் வழிவந்தது.

லூ யூ 733ஆம் ஆண்டில், இன்றைய ஹூபே மாகாணத்தின் தியன்மென் என்னும் ஊரில் பிறந்தார் என்பர். பெற்றோர் யாரெனத் தெரியாத அநாதைக் குழந்தை. பௌத்த மடமொன்றின் தலைவரான துறவி ஜீஜீ அவரை எடுத்து வளர்த்தார். 29ஆவது வயதில் லூ யூ தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்துள்ளார். தான் அழகற்றவன் என்றும் திக்குவாயன் என்றும் அதில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பௌத்த நூல்களைக் கற்க மறுத்து, கன்பூசியரின் நூல்களையே கற்பேன் என்று பிடிவாதம் பிடித்த சிறுவனுக்கு மலசலகூடம் கழுவும் வேலையும், சுவருக்கு மண் மிதிக்கும் வேலையும், ஓடு சுமக்கும் வேலையும் தரப்பட்டன. அத்துடன் மாடு மேய்க்கவும் வேண்டியிருந்தது. 120 குளம்புகள் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அதாவது 30 மாடுகள். கடதாசி வாங்க வழியற்ற அச்சிறுவன், மூங்கிற் குச்சியால் மாட்டின் முதுகில் எழுத்துப் பழகினான். கைக்குக் கிடைத்த செய்யுள் நூலொன்றை வாசிக்கத் தெரியாதபோதும், அதை விரித்துவைத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் போல வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

பின்னர் மடத்தைவிட்டு ஓடி நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். 746ஆம் ஆண்டில் அப்பகுதியின் ஆளுநராக வந்த லீ சீவூ அவரது திறமையைக் கண்டு நூல்கள் வழங்கி, கல்விக்கு வழிசெய்தார். 755ஆம் ஆண்டில் ஆன் லூஷானின் கிளர்ச்சி மூண்டது. வடக்கிலிருந்து அகதிகள் யாங்சி நதியைக் கடந்து தெற்கே ஓடினர். லூ யூவும் அவர்களோடு சென்றார். யுத்தத்தால் ஊர் பெயர்வதென்றால் என்ன என்பதை நம் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹூஜோ என்னும் இடத்தில் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. அங்கு கவிஞரும் துறவியுமான ஜியாவ்ரானின் நட்பும் கிடைத்தது. அங்கிருந்துதான் தேயிலை விளையும் மலைகளை அலைந்து ஆராய்ந்து, ஏறத்தாழ 760 முதல் 780 வரையான காலத்தில் தன் நூலை எழுதித் திருத்தி நிறைவுசெய்தார்.

'சா ஜிங்' மூன்று பாகங்களும் பத்து இயல்களும் கொண்டது. மொத்தம் ஏழாயிரம் எழுத்துகளுக்குச் சற்று அதிகம். இன்றைய சஞ்சிகைக் கட்டுரையொன்றின் அளவுதான். செடியின் இயல்பு, பறிக்கும் கருவிகள், பதப்படுத்தும் முறை, காய்ச்சும் பாத்திரங்கள், அருந்தும் முறை, பழைய வரலாறு, விளையும் இடங்கள் எனப் படிப்படியாகச் செல்கிறது. அக்காலத்துத் தேயிலை நம்முடையதைப் போன்றதன்று. பறித்த தளிரை அவித்து, இடித்து, வில்லைகளாக அழுத்தி உலர்த்துவார்கள். தேவையானபோது வாட்டி, அரைத்து, சலித்துத் தூளாக்குவார்கள். தண்ணீரில் மலையூற்று முதல் தரம், ஆற்றுநீர் இரண்டாம் தரம், கிணற்றுநீர் கடைத் தரம் என்கிறார் லூ யூ. கொதியையும் மூன்றாக வகுக்கிறார். குமிழிகள் மீன்கண் போலத் தோன்றுவது முதற்கொதி. அப்போது சிறிது உப்பிட வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் முத்துக்கோவை போலக் குமிழிகள் எழுவது இரண்டாம் கொதி. தூளை இடுவது அப்போதுதான். அலைபோலப் புரள்வது மூன்றாம் கொதி. அதற்குமேல் கொதித்த நீர் உதவாது.

வெங்காயம், இஞ்சி, தோடந்தோல் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. அதைச் சாக்கடை நீருக்கு ஒப்பிட்டுச் சாடுகிறார். நாம் இஞ்சி தட்டிப்போட்டு அருந்தும் வெறுந்தேநீரை அவரிடம் நீட்டியிருந்தால் முகஞ்சுளித்திருப்பார்.

அரச பதவி தேடிவந்தபோதும் ஏற்காத லூ யூ 804ஆம் ஆண்டில் காலமானார். வணிகர் அவரைத் தேயிலைத் தெய்வமாக்கினர். தேநீர்ப் பாத்திரங்களை மொத்தமாக வாங்குவோருக்குக் களிமண்ணாற் செய்த லூ யூ பொம்மையொன்றையும் குயவர் கொடுத்தனராம். வியாபாரம் படுத்தால் அந்தப் பொம்மையின் தலையிலேயே தேநீரை ஊற்றுவார்களாம்!

ஆயினும் அவரது மரபில் கசப்பான பக்கமும் ஒன்றுண்டு. அப்பகுதி மலைத் தேயிலை பேரரசருக்கு ஏற்றதென்று லூ யூ சொன்னதால்தான் அது அரண்மனைக் காணிக்கையாயிற்று எனப் பழைய குறிப்பொன்று கூறுகிறது. 770ஆம் ஆண்டில் ஹூஜோவின் குஜூ மலையில் காணிக்கைத் தேயிலைக்கென அரச ஆலை எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில், ஆண்டுதோறும் 30,000 பேர் மாதக்கணக்கில் அங்கு கட்டாய வேலை செய்தனர். ஹூஜோவின் ஆளுநராகப் பணியாற்றிய யுவான் காவ், 784ஆம் ஆண்டளவில், உழவைக் கைவிட்டு மலையேறும் ஏழைகளின் துயரைக் கவிதையாக்கிப் பேரரசருக்கே அனுப்பினார். 793ஆம் ஆண்டில் தேயிலைக்குப் பத்திலொரு பங்கு வரியும் விதிக்கப்பட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இதே கதை நம் நாட்டின் மலைகளில் நிகழ்ந்தது. 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டார். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. டெய்லரின் பெயரைப் பாடநூல்கள் சொல்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து வந்து அச்செடிகளை வளர்த்தவர்களின் பெயர்களைச் சொல்ல எந்த நூலும் இல்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களது பிரஜாவுரிமையையும் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதை மீட்டளிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

லூ யூ தன் கருவிப் பட்டியலில் முதலாவதாகக் குறிப்பது எதை என்று பார்த்தால் வியப்பு மேலிடும். அது, கொழுந்து பறிப்பவர் முதுகில் சுமக்கும் மூங்கிற் கூடை. அதன் கொள்ளளவைக்கூட எழுதியவர், அதைச் சுமந்தவரைப் பற்றி மேற்கொண்டு எழுதவில்லை. மண் மிதித்து, ஓடு சுமந்து வளர்ந்தவரின் நூலிலேயே இந்த இடைவெளி உண்டு. நம் நாட்டில் அதை நிரப்ப முனைந்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி 1954இல் வெளியிட்டார்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையரின் பாதையில் பலர் நடந்தனர். அப்பாதையின் கதைகளைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்ட முதியோர் இன்னும் லயன் அறைகளில் இருக்கின்றனர். எழுதத் தெரிந்தவர்கள் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டிய காலம் இது. தேயிலை வரலாற்றில் இன்னும் எழுதப்படாத இயல் அவர்களிடம்தான் இருக்கிறது.